படம் துணியாகும் வகை



புதிதாகத் தைத்த ஆடையைக் கண்டால், "இது புது மோஸ்தர்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'மோஸ்தர்' தமிழில் பிறந்த சொல் அன்று. 'மாதிரி' எனப் பொருள்படும் 'மோஸ்த்ரா' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழியே அது வந்தது என்பர். துணி வாங்க நம் கரைக்கு வந்த வணிகர் வாய்மொழியால் மட்டும் தம் விருப்பத்தைக் கூறவில்லை. ஒரு சிறு துணித் துண்டையோ, தாளில் எழுதிய படத்தையோ கையில் வைத்துக்கொண்டு, "இதுபோல் வேண்டும்" என்று கேட்டனர். அந்தத் துண்டே மோஸ்தர். பிற்காலத்தில் அச்சொல் நாகரிகப் பாங்கு என்னும் பொருளையும் பெற்றது.

தாளில் வரைந்த படம் எவ்வாறு துணியாக மாறுகிறது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள். ஓவியன் கோடு போடுகிறான். நெசவாளனோ பின்னுபவளோ அதை அப்படியே நூலில் எடுத்துவிடலாம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கோட்டுக்கும் நூலுக்கும் இடையே மாதிரித் துண்டு என்னும் ஒரு படி உண்டு. அந்தப் படியிலேதான் படம் சோதிக்கப்படுகிறது, திருத்தப்படுகிறது, சில வேளைகளில் முற்றும் மாறியும் போகிறது. இதனை விளக்குவதற்குப் பழவேற்காட்டைக் காட்டிலும் ஏற்ற ஊர் தமிழகத்தில் அரிது.

சென்னைக்கு வடக்கே, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே அமைந்தது பழவேற்காடு. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. சிறீஹரிக்கோட்டைத் தீவு அதனை வங்கக் கடலினின்றும் பிரிக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய மீனவர் ஊர்களில் இன்று காணப்படுவன படகும் வலையும் இறாலும் நண்டும். ஆனால் நானூறு ஆண்டுகளுக்கு முன் உலகம் இவ்வூரை அறிந்தது மீனால் அன்று, துணியால்.

1518ஆம் ஆண்டையொட்டி நூல் எழுதிய துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துக்கீசியர், பழவேற்காட்டின் வண்ணத் துணிகள் மலாக்கா, பெகு, சுமத்திரா ஆகிய இடங்களில் நல்ல விலை பெற்றதைக் குறித்துள்ளார். அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர் 1613இல் இங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விளைந்த தீவுகளில், அவற்றுக்கு ஈடாகப் பொன்னைக் காட்டிலும் நம் நாட்டுத் துணியையே மக்கள் விரும்பினர். ஆகவே இங்குத் துணி வாங்கி, அங்குக் கொடுத்து, வாசனைப் பொருள் பெற்று, ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர்.

இந்த வாணிகத்தின் தடம் இன்றும் சொற்களில் நிற்கிறது. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்குப் 'பெலிக்கட்' என்று பெயர்; பழவேற்காட்டின் பெயரே அங்ஙனம் திரிந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரத் தறிகளில் நெய்த வண்ணக் கைக்குட்டைகளுக்கும் 'புலிக்கட்' என்றே பெயர் வைத்தனர். ஊரைக் கண்டறியாத நெசவாளர் ஊரின் பெயரால் துணி நெய்தனர் என்றால், மாதிரித் துண்டு எத்தனை தொலைவு பயணம் செய்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

தீவுகள்தோறும் மக்கள் விருப்பம் வேறுபட்டது. ஓரிடத்தில் செந்நிறம் மிகுந்த துணிக்கு மதிப்பு. மற்றோரிடத்தில் கரையின் அகலமே முக்கியம். ஒரு விரற்கடை தவறினாலும் துணி விலைபோகாது கிடங்கில் தங்கிவிடும். ஆகவே வணிகர் அந்தந்தச் சந்தையில் விலைபோகும் துண்டுகளைத் திரட்டி நம் கரைக்கு அனுப்பினர். ஐரோப்பியச் சந்தைக்காகத் தாளில் வரைந்த பூங்கொடிகளும் வந்தன. நம் கைவினைஞர் அவற்றைப் பார்த்து முதலில் மாதிரி செய்தனர். ஏற்கப்பட்ட பின்னரே பெருமளவில் வேலை தொடங்கிற்று.

இனி, ஒரு படம் துணியில் ஏறும் முறைகளுள் மூன்றினைக் காண்போம். முதலாவது எழுதுதல், இரண்டாவது நெய்தல், மூன்றாவது பின்னுதல்.

எழுதுதலில் படத்துக்குச் சுதந்திரம் மிகுதி. தாளில் வரைந்த படத்தின் கோடுகள் நெடுகிலும் ஊசியால் நெருங்கிய துளைகள் இடுவர். தாளைத் துணிமேல் விரித்து, கரித்தூள் கட்டிய சிறு துணிப் பொட்டலத்தால் மெல்லத் தட்டுவர். துளைகளின் வழியே தூள் இறங்கி, துணிமேல் புள்ளிக் கோடாகப் படம் பதியும். எழுதப்போகும் துணியை முன்னரே கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து உலர்த்தி வைத்திருப்பர். கடுக்காய் ஏறிய துணியில் இரும்புக் கரைசலால் எழுதினால் கோடு கறுக்கும். பாலின் கொழுப்பு, கரைசல் பக்கவாட்டில் பரவாமல் தடுக்கும்.

சிவப்பு நிறத்தின் கதை இன்னும் வியப்புடையது. சிவப்பு வேண்டிய இடத்தில் எழுதுவது சிவப்புச் சாயம் அன்று; படிகாரக் கரைசல். அதற்குத் தனக்கென நிறமில்லை. அவ்வாறு எழுதிய துணியைச் சாயவேர் இட்ட நீரில் காய்ச்சும்போது, படிகாரம் பட்ட இடம் மட்டும் சாயத்தை இறுகப் பற்றிச் சிவக்கிறது. படாத இடத்தில் ஏறிய சாயம் வெயிலிலும் கழுவலிலும் நீங்குகிறது. இம்பூறல் என்றும் வழங்கும் அச்செடி கடற்கரை மணலில் வளர்வது. நீலத்துக்கு முறை வேறு. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி மறைத்துவிட்டு, அவுரிச் சாயத்தில் தோய்ப்பர். காய்ச்சி முடியும்வரை தன் படத்தின் சிவப்பை எழுதுபவனே காண இயலாது! ஆகவே சாயவேரின் வலிமையையும் படிகாரத்தின் அளவையும் சிறு துண்டில் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாததாயிற்று. எழுது துணியில் மாதிரி சோதித்தது நிறத்தையே. கோடு தாளில் இருந்தபடியே துணிக்கு வந்துவிட்டது.

நெய்தலில் நிலைமை மாறுகிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு; குறுக்கே செல்வது ஊடை. இரண்டும் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன. எளிய தறியில் வளைகோட்டுக்கு இடமில்லை. எனவே பழவேற்காட்டின் பெயர் பெற்ற கைக்குட்டைகளும் கைலிகளும் கட்டங்களாலேயே அழகு பெற்றன. இங்கே படம் எண்ணாக மாறவேண்டும். சான்றாக, சிவப்பு நூல் 40, வெள்ளை 4, நீலம் 40, வெள்ளை 4 என்று ஒரு கட்டளை வகுத்துக்கொள்வோம். மொத்தம் 88 நூல். ஒரு சென்டிமீட்டருக்கு 22 நூல் நெருக்கமுள்ள துணியானால், இவ்வடுக்கு 4 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும். ஊடையிலும் இதே கணக்கைப் பின்பற்றினால் கட்டம் கிடைக்கிறது. சிவப்புப் பாவும் நீல ஊடையும் கூடுமிடத்தில், தாளில் எழுதாத ஊதா நிறம் ஒன்று தோன்றும். வண்ணப் பெட்டியில் இல்லாத அந்த நிறத்தை மாதிரித் துண்டுதான் முதலில் காட்டுகிறது.

ஒரு செய்தியை இடையே சொல்ல விரும்புகிறேன். நம் கரையின் கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. அங்கே நைஜீரியாவின் கலபாரி இனப் பெண்கள், வாங்கிய துணியில் சில நூல்களை மட்டும் நுணுக்கமாக வெட்டி உருவி, புதிய கோலங்களை உண்டாக்கினர். நம் நெசவாளர் நூலைச் சேர்த்துச் செய்த கணக்கை, அவர்கள் நூலை நீக்கி வேறு கணக்காக்கினர். மாதிரி என்பது கட்டளை மட்டும் அன்று, அடுத்தவன் கற்பனைக்குத் தூண்டுகோலும் ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மூன்றாவதாகிய பின்னலுக்கு வருவோம். ஏரிக்கரை ஊர்களில் வலை பின்னுவதைக் கண்டவர்க்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். வலையிலும் ஒரே நூல் வளைந்து வளைந்து கண்களை உண்டாக்குகிறது. ஆனால் வலையின் கண் ஒவ்வொன்றும் முடிச்சினால் கட்டப்பட்டது. ஆகவே ஒரு கண் அறுந்தாலும் அடுத்த கண் நிற்கும். ஆடைப் பின்னலிலோ முடிச்சே கிடையாது. ஒரு வளையத்தின் வழியே அடுத்த வளையத்தை இழுத்து, அதன் வழியே மற்றொன்றை இழுத்து, இப்படியே தொடர்கிறோம். இந்த வளையத்தைக் கண்ணி என்போம். ஒரு கண்ணி விடுபட்டால் கீழுள்ள கண்ணிகள் ஏணிப்படிபோல் வரிசையாக அவிழும். அந்தக் குறைக்கு ஈடாக ஒரு நன்மையும் உண்டு. வளையம் இடங்கொடுப்பதால் பின்னல் துணி எப்பக்கமும் நெகிழ்ந்து, இழுத்து விட்டால் பழைய நிலைக்கு மீள்கிறது. பனியனும் காலுறையும் உடலோடு ஒட்டி நிற்பது இதனால்தான்.

கண்ணியை நம்மை நோக்கியோ, நமக்கு அப்பாலோ இழுக்கலாம். அப்பால் இருந்து நம் பக்கம் இழுத்தால் துணியின் முகத்தில் வழவழப்பான கண்ணி தோன்றும். இதனை நேர்க்கண்ணி என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்புறம் தள்ளினால் குறுக்கே ஒரு சிறு மேடு எழும், இது மறிகண்ணி. எழுத்துக்கு உயிரும் மெய்யும்போல, பின்னலுக்கு இவ்விரண்டே அடிப்படை. எல்லாம் நேர்க்கண்ணியாகப் பின்னினால் துணியின் ஓரம் சுருளும். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் துணி தட்டையாகக் கிடக்கும். நீளவாக்கில் நேரும் மறியுமாக நிரைகள் அமைத்தால் அதிகம் நெகிழும். சட்டையின் மணிக்கட்டுப் பகுதிக்கு ஏற்றது அதுவே.

பின்னுபவர் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ஓவிய ஏட்டிலிருந்து படத்தைக் கட்டத்தாளில் எடுத்து, ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று கொள்வர். கட்டத்தாளின் கட்டம் சதுரம். கண்ணியோ பெரும்பாலும் சதுரம் அன்று. அகலம் மிகுந்து உயரம் குறைந்தது. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு மாதிரித் துண்டில் 10 சென்டிமீட்டர் அகலத்தில் 20 கண்ணிகளும், 10 சென்டிமீட்டர் உயரத்தில் 28 வரிசைகளும் உள்ளன என்க. 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்தைப் பின்ன வேண்டும். அகலத்துக்கு 24 கண்ணி. உயரத்துக்கு 12ஐ 2.8ஆல் பெருக்கினால் 33.6, அதாவது 34 வரிசை. இதை அறியாது 24 கட்டம் அகலமும் 24 கட்டம் உயரமும் கொண்ட வட்டத்தைப் பின்னினால், உயரம் ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டராகக் குறுகும். வட்டம் நசுங்கி முட்டையாகிவிடும்.

பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து ஆழமற்ற நீரில் நிற்கும். அப்பறவையின் அழகெல்லாம் நீண்ட காலிலும் வளைந்த கழுத்திலும் இருக்கிறது. கண்ணியின் அளவு அறியாமல் அதைப் பின்னினால், பூநாரை வாத்தாகிவிடும்! முதலில் மாதிரித் துண்டு பின்னி, கண்ணியையும் வரிசையையும் எண்ணி, அந்த விகிதத்துக்கு ஏற்பக் கட்டத்தாளின் கட்டங்களையே அகன்றனவாகக் கோடிட்டு, பின்னரே படத்தை எடுக்க வேண்டும். விகிதம் என்பது கணிதத் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதை மாணவர் உணர்தற்கு இதுவும் ஒரு வாயில்.

ஓர் எச்சரிக்கை. மாதிரியை ஊசியிலிருந்து எடுத்தவுடன் அளத்தல் கூடாது. நனைத்து, உலர்த்தி, சிறிது நேரம் தட்டையாகக் கிடத்தி, பின்னர் அளக்க வேண்டும். கம்பளி நூலைப்போல் பருத்தி நூல் நெகிழ்ந்து மீள்வதன்று. பருத்திப் பின்னல் துவைத்தபின் நீளத்தில் சுருங்குவது இயல்பு. இந்த மாற்றத்தை அறியாமல் செய்த ஆடை முதல் சலவையிலேயே பயனற்றுப் போகும்.

இனி, ஏரிக்கரையில் ஒரு மாணவி ஓவிய ஏட்டுடன் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவள் வரைந்த நான்கு படங்கள் எவ்வாறு நான்கு சோதனை மாதிரிகளாகலாம் என்று காண்போம்.

முதற்படம், கரையில் உலரும் வலை. வலையின் ஒவ்வொரு கோட்டையும் கறுப்பு நூலால் வெள்ளைத் துணியில் எழுதிக்காட்ட முயல்வது வீண். வலையின் இயல்பு துளை. நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றி, அடுத்த இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால், கண்ணிகளின் எண்ணிக்கை மாறாமல் ஒரு துளை உண்டாகும். இத்துளைகளை வரிசைதோறும் ஒரு கண்ணி தள்ளித் தள்ளி அமைத்தால் சாய்ந்த வலைக்கண் தோற்றம் கிடைக்கிறது. படம் இங்கே நிறமாக வாராமல் துணியின் கட்டமைப்பாகவே வந்துவிட்டது.

இரண்டாம் படம், காற்று வீசும்போது நீர்மேல் எழும் சிற்றலை. ஒரு வரிசையில் சில கண்ணிகளை அடுத்தடுத்துக் கூட்டியும், அவற்றின் இரு பக்கத்தும் அதே அளவு குறைத்தும் பின்னினால், மேலுள்ள வரிசைகள் நேராக நில்லாமல் வளைந்து ஏறி இறங்கும். இரண்டு நீல நிறங்களை மாற்றி மாற்றி வைத்தால் அலை தெளிவாகத் தெரியும். தறியின் பாவும் ஊடையும் தர மறுத்த வளைவைக் கண்ணி தருகிறது.

மூன்றாம் படம், படகின் பக்கப் பலகைமேல் தீட்டிய வண்ணப் பட்டைகள். இது மிக எளிது. நூலை மாற்றினாற் போதும். ஆனால் எத்தனை வரிசைக்கு எந்நிறம் என்று எண்ணால் எழுதி வைத்தல் வேண்டும். கைக்குட்டை நெசவாளனின் நூற்கணக்கு இங்கே பயன்படும்.

நான்காம் படம், நீரில் நிற்கும் பூநாரை. ஒரே வரிசையில் இரு நிற நூல்கள் வேண்டும். பயன்படாத நூல் பின்புறத்தில் சும்மா கடந்து செல்லும். ஐந்தாறு கண்ணிகளுக்கு மேல் அது தொங்கிச் சென்றால், அணியும்போது விரல் மாட்டிக்கொள்ளும். இறுக இழுத்தாலோ துணி சுருங்கும். பூநாரையின் மெல்லிய காலுக்கு ஒரு கண்ணி. இரு புறமும் பரந்த நீர். ஆகவே பின்னால் நூல் நெடுந்தொலைவு செல்ல நேரிடுகிறது. மாதிரி பின்னியபின் மாணவி ஒரு முடிவுக்கு வரவேண்டும். காலைப் பின்னலில் கொண்டுவராமல், முடிந்தபின் ஊசியால் தைத்துச் சேர்க்கலாம்; அல்லது பறவைகளை நெருக்கமாக அமைத்து இடைவெளியைக் குறைக்கலாம்; அல்லது பறவையையே விட்டுவிட்டு, அதன் இளஞ்சிவப்பை மட்டும் நீலத்தின் நடுவே ஒரு கீற்றாக வைக்கலாம். மூன்றாவது வழி தோல்வி அன்று. நூல் சொன்ன மறுமொழியைக் கேட்டு ஓவியம் தன்னைத் திருத்திக்கொண்டது, அவ்வளவே.

இந்நான்கு துண்டுகளும் முடிந்தபின், ஒவ்வொன்றையும் ஏட்டில் அதற்குரிய படத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒட்டி, கீழே சில குறிப்புகளை எழுதவேண்டும். நூல் எத்தகையது, ஊசியின் பருமன் என்ன, கண்ணி எத்தனை, வரிசை எத்தனை, துவைக்குமுன் அளவு யாது, பின் யாது, எது கைகூடியது, எது கூடவில்லை என்பனவெல்லாம் வேண்டும். சரியாக வாராத துண்டையும் எறிந்துவிடலாகாது. பௌதிகக் கூடத்தில் பிழையான அளவையும் குறிப்பேட்டிலிருந்து நீக்கக்கூடாது என்று கற்றிருக்கிறீர்கள் அல்லவா? அந்த ஒழுங்கு இங்கும் பொருந்தும்.

கையால் பின்னும் இந்தச் சிறு துண்டுக்கும் பெருந்தொழிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் எந்திரத்தை அமைத்தார். 1804இல் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பட்டுத் தறியில் பூ வேலைப்பாட்டை நடத்தும் முறையை உருவாக்கினார். துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே நிலைகளால் ஒரு படத்தை எழுதிவிடலாம் என்பதே அதன் உட்கருத்து. பிற்காலத்தில் அம்முறை பின்னல் எந்திரங்களுக்கும் வந்தது. இன்று அட்டையின் இடத்தில் கணிப்பொறி இருக்கிறது. ஆயினும் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில், வெளிநாட்டிலிருந்து படம் வந்தவுடன் ஆயிரக்கணக்கில் ஆடை செய்யத் தொடங்குவதில்லை. முதலில் மாதிரி பின்னி, சாயமேற்றி, துவைத்து, அளந்து, வாங்குவோர் ஒப்புதல் பெறுகின்றனர். கெல்ட்ரியாக் கோட்டையின் வாயிலில் நடந்த அதே காரியம் வேறு கருவிகளோடு இன்றும் நடக்கிறது.

இத்துணை சிறப்புடன் விளங்கிய பழவேற்காட்டுத் துணித்தொழில் ஏன் அங்கே நிலைக்கவில்லை? காரணங்கள் பல. டச்சுக்காரர் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். அண்டையில் சென்னை வளர்ந்தது. 1825இல் பழவேற்காடு முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. ஐரோப்பாவிலோ, உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்காக, பிரான்சு 1686இலும், இங்கிலாந்து 1700இலும் 1721இலும் இந்திய வண்ணத் துணிகளுக்கு எதிராகச் சட்டம் செய்தன. பின்னர் நூற்பாலைகள் பெருகின. 1868இல் செருமானிய வேதியியலார் இருவர், சிவப்புச் சாயத்தின் சாரமான அலிசரினைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டனர். சாயவேர் தோண்டுவோர்க்கு வேலை குறைந்தது.

இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. அதனை மாணவர் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். 1734ஆம் ஆண்டையொட்டிப் புதுச்சேரியில் இருந்த பொலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, ஒரு துணி எழுதப்படும் முறையை அருகிருந்து கண்டார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி, அதைக் குறிப்போடு சேர்த்து ஏட்டில் வைத்தார். அந்த ஏடு இன்றும் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் உள்ளது. 1742இல் கேர்தூ என்னும் பாதிரியார் இதே தொழிலை விரிவாகக் கடிதத்தில் எழுதியனுப்பினார். 1866இல் பார்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை 18 தொகுதிகளாக ஒட்டி, அவ்வாறு 20 படிகள் தயாரித்தார். 13 படிகள் பிரிட்டனிலும் 7 படிகள் இந்தியாவிலும் வைக்கப்பட்டன. இந்திய மக்கள் எத்தகைய துணியை விரும்பி உடுத்துகின்றனர் என்பதைப் பிரிட்டானிய ஆலைக்காரர் அறிந்து, அதுபோலச் செய்து விற்பதற்கு அவை துணைபுரியும் என்பது நோக்கம்.

இவர்களை நான் பழிக்கவில்லை. அவர்கள் எழுதி வைத்திராவிட்டால் அத்தொழிலின் பல நுட்பங்கள் நமக்கே தெரியாமற் போயிருக்கும். ஆனால் ஓர் உண்மையை மறைக்க இயலாது. கைத்திறன் இங்கே இருந்தது. குறிப்பேடு அங்கே சேர்ந்தது. நம் கைவினைஞன் தன் அறிவைத் தன் மகன் கையில் வைத்தான். கை ஓய்ந்தபோது அறிவும் ஓய்ந்தது. குறிப்பேட்டில் ஏறிய அறிவோ, செய்தவன் மறைந்தபின்னும் பிறர்க்குப் பயன்பட்டது. பழவேற்காடு தன் பெயரை உலகத் துணிகளுக்குத் தந்தது. தன் மாதிரி ஏட்டைத் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை.

எனவே ஓவிய ஏடும் மாதிரி ஏடும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். பழவேற்காட்டில் இன்றும் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் பின்னுகின்றனர். வண்ண ஓலைகளை மேலும் கீழுமாகச் செலுத்தி அவர்கள் அமைக்கும் கோலங்கள், தறியின் கணக்கோடு ஒப்பிடத்தக்கவை. கையால் முடிச்சிட்ட பருத்தி வலைக்குப் பதிலாக நைலான் வலை வந்துவிட்டபோதிலும், கிழிந்த வலையைச் சீர்செய்யும் கை அங்கே உண்டு. இவற்றை வரைந்துகொள்ளுங்கள். செய்வோரிடம் பணிவோடு கேட்டு, அவர் சொல்லும் பெயரையே எழுதுங்கள். அவர் இசைந்தால் ஒரு சிறு துண்டும் பெற்று, யார் கையால் எந்த நாளில் ஆயது என்று குறியுங்கள். பிறர் கோலத்தைத் தம் கோலம் என்று கூறுதல் தகாது. கற்றுக்கொண்டது இன்னாரிடம் என்று சொல்வதில் பெருமையே உண்டு.

அதன்பின் உங்கள் கையால் ஒரு சாண் அளவுள்ள துண்டு ஒன்றைப் பின்னிப் பாருங்கள். அதற்கு வேண்டியன இரண்டு ஊசியும் ஓர் உருண்டை நூலும் ஒரு கட்டத்தாளும். முதல் துண்டு கோணலாக வரும், இரண்டாவது சுருளும், மூன்றாவதில் கண்ணி உங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்கும். மூன்றையும் தேதியிட்டு ஏட்டில் ஒட்டி வையுங்கள். உங்களுக்குப் பின் அதே பள்ளிக்கு வரும் ஒரு மாணவன் அந்த ஏட்டைப் புரட்டி, நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குவானாயின், பழவேற்காடு தன் பழைய துணிவளத்தோடு வைத்துக்கொள்ளத் தவறிய ஏட்டின் முதற்பக்கம் எழுதப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.